மலை ஏறும் ஜீப்புக்கு மூச்சு வேண்டும்

(தோட்டச் சாரதிகள், பட்டறை ஊழியர்கள், இளைஞர் கழக உறுப்பினர்கள் ஆகியோருக்காக எமது தோட்ட வாசிகசாலை மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை)



நலன்புரி உத்தியோகத்தர் பேச வந்தால் லயத்துக் கூரை, தண்ணீர்க் குழாய், பிள்ளைக் காம்பரா, கக்கூஸ் என்றுதான் பேசுவார் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு டர்போ, இன்டர்கூலர், சைலன்சர் என்று நோட்டீஸ் ஒட்டியதும், "ஐயா கராஜ் போடப் போறாரா?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். இல்லைங்க. நாங்கள் மெக்கானிக்கும் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானமும், பட்டறை அண்ணன்மாரிடம் கேட்டுப் படித்ததும், பட்டுப் படித்ததும்தான்.

ஆனாலும் இது நலன்புரி விடயம்தான். எங்கள் தோட்டத்தில் அம்புலன்ஸ் என்று தனியாக ஒன்று இல்லை. வலி கண்ட பெண்ணையும், பாம்பு கடித்தவரையும், குளவி கொட்டியவரையும் ஏற்றிப் போவது அந்தப் பழைய லேண்ட் ரோவர் ஜீப். அதுக்கு மூச்சு நின்றால் எங்களில் ஒருவருக்கு மூச்சு நிற்கலாம். அதனால்தான் பேசுகிறோம்.

அந்த ராத்திரி

2018ஆம் ஆண்டு ஆடி மாதம். மழை ஒரு கிழமையாக விடவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், மேல் டிவிஷனில் இருந்து ஆள் ஓடி வந்தார். தலைப்பிரசவம். மருத்துவிச்சி அம்மா பார்த்துவிட்டு, "இங்க வச்சுப் பார்க்க ஏலாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு ஆறு மாதத்துக்கு முந்தித்தான் ஜீப்பை "பெரிசாக்கி" இருந்தோம். ஏற்றத்தில் இழுக்கவில்லை, கறுப்புப் புகை தள்ளுகிறது என்று சாரதி அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய இன்டர்கூலர் போட்டு, சைலன்சரைக் கழற்றி நேர் பைப் விட்டால் வண்டி பறக்கும் என்று தம்பிமார் சொன்னார்கள். நலன்புரிக் குழு கூடியது, கைதட்டியது, பணம் கொடுத்தது. டவுனில் ஒரு கராஜில் வேலையை விட்டோம். எவர் செய்தார் என்பது இங்கே தேவையில்லை. என்ன செய்யப் போகிறீர்கள், எப்படிச் சோதிப்பீர்கள் என்று அவரிடம் ஒரு கேள்விகூட நாங்கள் கேட்கவில்லை. பாதித் தவறு எங்களுடையது.

வண்டி வந்த நாள் பிரட்டுக்களத்தில் முறுக்கிக் காட்டினார்கள். சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த ராத்திரி பாலம் தாண்டி, மெயின் ரோட்டுக்கு ஏறுகிற நாலு மைல் ஏற்றத்தில், மூன்றாவது வளைவில், "டப்" என்று ஒரு சத்தம். அதோடு வண்டி இழுக்கவில்லை. பின்னால் ஒரே கறுப்புப் புகை. "ஐயா, மூச்சு நின்னு போச்சு" என்றார் சாரதி அண்ணன். பொனட்டைத் தூக்கிப் பார்த்தால் இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் கழன்று தொங்குகிறது. கொட்டுகிற மழையில், கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, சுடுகிற பைப்பில் விரலைச் சுட்டுக்கொண்டு இரண்டு தரம் கம்பி போட்டு இறுக்கினார். இரண்டு தரமும் நூறு யார் போவதற்குள் திரும்பக் கழன்றது. கடைசியில் ஒரு தம்பி இருட்டில் ஸ்டோர் வரைக்கும் ஓடிப் போய்க் கொழுந்து லொறியைக் கொண்டு வந்தார். அந்தப் பெண்ணைப் படங்கு போட்ட லொறியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து பத்து நிமிடத்தில் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது கடவுள் செயல். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அடுத்த நாள் பாட்டியம்மா எங்களைக் கண்டதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஐயா, சத்தம்தான் பெருசா வந்துச்சு, வண்டி வரலையே."

அந்த வார்த்தைக்குப் பதில் தேடியபோது நாங்கள் கற்றுக்கொண்டதுதான் இனிச் சொல்லப் போவது.

டர்போ என்ன செய்கிறது?

டீசல் எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். காற்று எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் டீசலைச் சுத்தமாக எரிக்கலாம். மிஞ்சிய டீசல் கறுப்புப் புகையாக வெளியே போகும். வெளியே போகிற சூட்டுப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரத்தால் காற்றை உள்ளே அமுக்கித் தள்ளலாம் என்று யோசித்தவர் அல்பிரட் பூக்கி என்கிற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். 1905இல் அதற்கு உரிமம் எடுத்தார். அதுதான் டர்போ. உள்ளங்கை அளவு சக்கரம், நிமிடத்துக்கு ஒரு லட்சம் தரத்துக்கு மேலே சுற்றும்.

இதிலே ஒரு சிக்கல். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதல்லவா? காற்றை அமுக்கினால் சூடாகும். வெளியே 25 பாகை இருக்கிற காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு டர்போ அமுக்கினால், அது 110 முதல் 120 பாகை வரை சூடேறி வெளியே வரும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

தாய்மாருக்கு விளங்கும்படி சொல்லுகிறோம். கூடையில் கொழுந்தை உதறிப் போட்டால் கூடை நிறைந்த மாதிரித் தெரியும். தராசில் வைத்தால் நிறை இருக்காது. சூட்டுக் காற்றும் அப்படித்தான். எஞ்சினுக்கு வேண்டியது கூடை நிறைந்த காற்று இல்லை, நிறையுள்ள காற்று.

அந்தக் காற்றை எஞ்சினுக்குள் விடுவதற்கு முந்தி ஒரு ரேடியேட்டர் மாதிரியான பெட்டிக்குள் விட்டு ஆற வைப்பதுதான் இன்டர்கூலர். 115 பாகைக் காற்றை 50 பாகைக்கு ஆற வைத்தால், அதே அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான காற்று உள்ளே போகும். டீசலைக் கூட்டாமல் விட்டால் எரிப்பு சுத்தமாகும், புகை குறையும், பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் சூடு குறையும்.

மலையில் ஏன் அதிகம் தேவை?

கொழும்பில் ஓடுகிற வண்டிக்கும் எங்கள் வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 4,500 அடியில் இருக்கிற தோட்டத்திலும் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் மேலே போகப் போக மூச்சுத் திணறுவது இதனால்தான். டர்போ உள்ள எஞ்சின் சமாளிக்கும். ஆனால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, இன்னும் கூடுதலாக அமுக்கி, இன்னும் சூடான காற்றைத் தள்ள வேண்டும்.

அதோடு எங்கள் ரோட்டில் வண்டி போகிற வேகம் என்ன? முதலாம், இரண்டாம் கியரில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். எஞ்சின் முழு வேலை செய்கிறது, முன்னால் இருந்து வருகிற காற்றோ கொஞ்சம். சமதரையில் போதுமான இன்டர்கூலர் ஏற்றத்தில் போதாமல் போவது இப்படித்தான்.

இந்த வண்டியின் வரலாறே இதற்குச் சாட்சி. லேண்ட் ரோவர் 1948இல் முதலில் வெளிவந்த வண்டி. 1986இல் அதற்கு 2.5 லீற்றர் டர்போ டீசல் எஞ்சின் போட்டார்கள். இன்டர்கூலர் கிடையாது. 85 குதிரைவலு. பாரம் ஏற்றி நெடுக மிதித்தால் பிஸ்டன் வெடிக்கும் என்று அதுக்குக் கெட்ட பேர். பிறகு வந்தது 200 டிடிஐ. 1989இல் டிஸ்கவரியிலும் 1990இல் டிஃபெண்டரிலும் வந்தது. அதே 2,495 சீசீ. ஆனால் டீசலை நேராகப் பிஸ்டன் தலைக்கே பீச்சும் முறை, அதோடு இன்டர்கூலர். டிஃபெண்டரில் 107 குதிரைவலு. 1994இல் 300 டிடிஐ வந்தபோது 111. எங்கள் ஜீப் அந்த 300 டிடிஐ வகைதான். ஆகவே இன்டர்கூலர் ஏற்கனவே எங்கள் வண்டியில் இருந்தது. அது ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்காமல் பெரிசு போட ஓடியதுதான் எங்கள் முதல் பிழை.

முதலில் இருப்பதைத் திருத்துங்கள்

2020 பங்குனியில் இருந்து வாகன இறக்குமதிக்குத் தடை வந்தது. புது வண்டி வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது. இருக்கிற வண்டியைத்தான் ஒழுங்காக்க வேண்டும் என்று 2021இல் மறுபடியும் வேலையைத் தொடங்கினோம். இந்த முறை எங்கள் பட்டறை அண்ணன்மாரும் பக்கத்துத் தோட்டத்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஐயா ஒருவரும் கூடவே நின்றார்கள். அந்த ஐயா வந்ததும் சொன்ன முதல் பேச்சு: "சாமான் வாங்குற காசை முதல்ல பெட்டியில வையுங்க. பழசுக்கு என்ன நோவுன்னு பார்ப்போம்."

பார்த்தபோது கண்டது இவ்வளவு.

ஒன்று, காற்று வடிகட்டி. ஸ்டோர்த் தூசியும் ரோட்டுச் செம்மண்ணும் அடைத்துப் பலகை மாதிரி இருந்தது. உள்ளே வர வழியில்லாத காற்றை டர்போ எங்கே அமுக்கும்?

இரண்டு, பழைய இன்டர்கூலர். டிஃபெண்டரில் இது ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே ஒரே சட்டத்துக்குள் நிற்கும். கராஜில் கழற்றிப் போட்டதை நல்லவேளை ஸ்டோர் மூலையில் வைத்திருந்தோம். தகடுகளுக்கு இடையில் சேறும் மானாப்புல் விதையும் பூச்சியும் அடைத்திருந்தன. உள்ளே ஒயில். எஞ்சின் மூச்சுவிடும் குழாயால் வருகிற ஒயில் ஆவி வருடக் கணக்காகப் படிந்து கிடந்தது. ஒயில் பூசிய தகடு சூட்டைக் கடத்தாது.

மூன்று, ஹோஸ். பழைய ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு.

நாலு, ரேடியேட்டர் விசிறி. இதன் நடுவில் பசை போன்ற திரவம் உள்ள பிடிப்பு இருக்கும். எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது கையால் சுற்றினால் கனமாக இருக்க வேண்டும். எங்களுடையது ராட்டினம் மாதிரிச் சுற்றியது. மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் காற்று இழுத்துக் கொடுப்பது இந்த விசிறிதான்.

இந்த நாலையும் சரி செய்தாலே பாதி வலு திரும்பி வந்தது.

இன்டர்கூலரைக் கழுவுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, பிறகு சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்துக் காய வையுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் மிஞ்சியிருந்தால் எஞ்சின் அதைக் குடித்து, சாவியை நிறுத்தினாலும் நிற்காமல் வெறி பிடித்த மாதிரி ஓடும்.

காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. டர்போவில் இருந்து எஞ்சின் வரைக்கும் உள்ள பாதையின் இரண்டு பக்கமும் அடைப்புப் போட்டு, ஒரு அடைப்பில் டயர் வால்வைப் பொருத்தி, பம்பால் பத்துப் பதினைந்து இறாத்தல் அழுத்தம் அடியுங்கள். அதற்கு மேலே வேண்டாம். பிறகு சவர்க்கார நுரையைத் தடவுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். கழன்றால் அடைப்புப் பறக்கும், ஆகவே அதற்கு நேரே நிற்க வேண்டாம். 2018இல் எவராவது இதைச் செய்திருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது.

இரண்டு மணிக்கூடு பொருத்துங்கள்

அடுத்து, பெரிசு போடுவதற்கு முந்தியே இரண்டு அளவுமானி வேண்டும். ஒன்று டர்போ அழுத்தம் காட்டுவது. மற்றது டர்போவுக்குள் போகிற புகையின் சூடு காட்டுவது. காய்ச்சல் இருக்கா இல்லையா என்று டிஸ்பென்சரியில் முதலில் என்ன செய்வார்கள்? கைவிளக்கை வைத்துப் பார்ப்பதில்லை, காய்ச்சல்மானி வைத்துத்தான் பார்ப்பார்கள்.

புகைச் சூடு ஏற்றத்தில் 700 பாகைக்குப் பக்கத்தில் நெடுக நிற்கக் கூடாது. நின்றால் கால் எடுக்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவை. அதற்குப் பொறுமை குறைவு. தண்ணீர்ச் சூட்டு முள் அசையாமல் இருக்கும்போதே பிஸ்டன் உருகத் தொடங்கலாம்.

மானி பொருத்தியபோது எங்கள் வண்டி அதே நாலு மைல் ஏற்றத்தில் காட்டியது, அழுத்தம் அரை பார், புகைச் சூடு 720. சரி செய்த பிறகு 0.9 பார், 620 பாகை. தம்பிமாரே, வண்டி "இப்ப நல்லாப் போகுது" என்று வாயால் சொல்வதைவிட இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைப்பதுதான் கணக்கு.

இன்டர்கூலர் தெரிவு

பழையதைக் கழுவிச் சோதித்த பிறகும் ஆள் ஏற்றி ஏறும்போது சூடு கூடுகிறது என்று மானி காட்டினால்தான் பெரிசு போட யோசிக்க வேண்டும். அப்போதும் அதே சட்டத்துக்குள், அதே இடத்தில் உட்காருகிற, தடிப்பான அலுமினிய இன்டர்கூலர்தான் நல்லது. வேறு லொறியில் கழற்றியதை ரேடியேட்டருக்கு முன்னால் கட்டினால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாது. பைப்பும் நீண்டுவிடும். மிதித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலு வரும். ஊசி வளைவில் அந்தக் கொஞ்ச நேரம்தான் வண்டி பின்னால் உருளுகிற நேரம். எங்கள் கராஜ்காரர் செய்தது இதைத்தான்.

பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத சாமான் இல்லை. ஆனால் கழற்றிய சாமானை வாங்கும்போது அழுத்தச் சோதனை செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஹோஸ் கழன்றதற்குக் காரணம் மூன்று. பைப்பின் முனையில் வெளிப்பக்கமாகத் திரண்ட உதடு இல்லை, வழவழவென்று வெட்டிய குழாய். போட்ட ஹோஸ் ரேடியேட்டருக்கான சாதாரண ரப்பர். அது சூட்டிலும் ஒயிலிலும் ஊறி இளகிவிட்டது. கிளிப் மெல்லியது. இப்போது உதடு வைத்த பைப், உள்ளே துணி அடுக்கு வைத்த சிலிக்கன் ஹோஸ், போல்ட் வைத்து இறுக்குகிற அகலக் கிளிப். எஞ்சின் ரப்பர் மேலே ஆடுகிறது, இன்டர்கூலர் ஆடாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்க இடம் விட வேண்டும். மாட்டுவதற்கு முந்தி முனைகளில் ஒயில் இல்லாமல் துடைக்க வேண்டும். மழையில் கம்பி போட்டும் நிற்காததற்கு இந்த ஒயில்தான் காரணம்.

சைலன்சர் விடயம்

டர்போவுக்குப் பின்னால் இருக்கிற எக்ஸோஸ்ட் பைப் தாராளமாக இருப்பது நல்லதுதான். வெளியே போகிற புகைக்குத் தடை குறைந்தால் டர்போ சீக்கிரம் சுற்றும், சூடு குறையும். ஆனால் தாராளம் வேறு, சத்தம் வேறு.

2.5 லீற்றர் எஞ்சினுக்கு இரண்டரை அங்குலப் பைப் தாராளம். மூன்று அங்குலம் போட்டு எங்கள் மாதிரி வண்டிக்குக் கிடைக்கிற பயன் மிகக் கொஞ்சம். பைப்பின் அகலத்தைவிட அதன் வளைவுதான் முக்கியம். வளைக்கிற இடத்தில் நசுங்கினால் அங்கேதான் கழுத்து நெரிபடும். டர்போவுக்கு முந்தி, எஞ்சினோடு சேருகிற இடத்தில் புகை ஒழுகினால் டர்போ சுற்ற வேண்டிய வலு வெளியே போகிறது. அந்த இடத்துக் கேஸ்கட்டையும் போல்ட்டையும் முதலில் பாருங்கள். கரி படிந்த கறுப்புக் கோடு காட்டிக்கொடுக்கும்.

நடுச் சைலன்சருக்குப் பதிலாக நேர் பைப் விடலாம். கடைசிச் சைலன்சரை எடுக்கவே கூடாது. ஏன்? நோயாளி முனகுவது சாரதிக்குக் கேட்க வேண்டும். விடிய நாலு மணிக்கு லயத்தில் கைப்பிள்ளை தூங்க வேண்டும். புகை வெளிவருகிற முனை பின்கதவைத் தாண்டி, பக்கவாட்டில் இருக்க வேண்டும். எங்கள் பழைய நேர் பைப் நடு வண்டியோடு முடிந்திருந்தது. பின்னால் படங்கைத் திறந்தால் புகை உள்ளே வரும். படுத்திருக்கிற நோயாளி அதைச் சுவாசிப்பார். இதை நாங்கள் ஆறு மாதமாகக் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறோம்.

இன்னொன்று. மாசி, பங்குனி வெயிலில் மானாப்புல் காய்ந்து கிடக்கும். ஏற்றம் ஏறி வந்த சூட்டுப் பைப்போடு புல்லுக்கு மேலே வண்டியை நிறுத்தினால் மலையே பற்றும்.

புகைச் சோதனையும் இருக்கிறது. 2008இல் இருந்து நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. கறுப்புப் புகை தள்ளுகிற டீசல் வண்டி அதிலே தேறாது. காற்றுப் பாதையை ஒழுங்காக்கினால் லைசன் எடுக்கிற தலைவலியும் குறையும்.

ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

டீசல் பம்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருகினால் டீசல் கூடும், வலு கூடும், புகையும் கூடும். எங்கள் வண்டியில் அதைக் கேட்காமலே திருகியிருந்தார்கள். அந்த ராத்திரி ஹோஸ் கழன்றபோது அவ்வளவு புகை வந்ததற்கு அதுதான் காரணம். காற்று இல்லை, டீசல் மட்டும் கொட்டுகிறது.

பெற்றோல் எஞ்சினில் பெற்றோல் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் அது மாறி நடக்கும். டீசல் கூடக் கூடச் சூடு ஏறும். ஆகவே இன்டர்கூலரும் எக்ஸோஸ்டும் சரியாகி, மானிகள் இரண்டும் பொருத்திய பிறகு, பம்ப் சோதிக்கும் கருவி உள்ள இடத்தில்தான் அதைத் தொட வேண்டும். நாங்கள் கூட்டவே இல்லை. கம்பனி வைத்த அளவுக்குத் திரும்பக் கொண்டு வந்தோம். இது பந்தயம் ஓடுகிற வண்டி இல்லை, ஆள் ஏற்றுகிற வண்டி.

சாரதிமாருக்கு

எங்கள் டர்போவுக்குத் தண்ணீர் ஓடுவதில்லை. எஞ்சின் ஒயில்தான் அதற்குத் தண்ணீரும் எண்ணெயும். ஏற்றம் ஏறி வந்ததும் உடனே சாவியை நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நிற்கும். சூட்டில் நின்ற ஒயில் கரியாகித் தண்டைக் கடிக்கும். இரண்டு நிமிடம் சும்மா ஓட விட்டு நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் முறுக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் ஒயில் மாற்றுவது 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம். ரன்னிங் சார்ட்டில் சிவப்பு மையால் எழுதுகிறோம்.

நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. டர்போவைச் சந்தேகப்படுங்கள். டர்போ உடைந்து எஞ்சின் தன் ஒயிலையே குடித்து நிற்காமல் ஓடத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். பிரேக்கை முழுக்க மிதித்து, கூடிய கியரைப் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணற வையுங்கள். ஏலாவிட்டால் காற்று உள்ளே போகிற வாயைப் பலகையால் அடையுங்கள். கையால் மட்டும் அடைக்க வேண்டாம், கையை இழுத்துக்கொள்ளும்.

என்ன கிடைத்தது?

2022இல் டீசலுக்காக நாடே வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும். ஆடி மாதத்தில் கியூஆர் அட்டை வந்து கிழமைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் ரன்னிங் சார்ட்டைப் பார்த்தோம். முந்தி லீற்றருக்கு ஏழரை கிலோமீற்றர் ஓடியது, எட்டரை ஓடியது. பெரிய வித்தியாசம் இல்லை என்று சிரிக்க வேண்டாம். மிஞ்சிய டீசலில்தான் அந்த மாதம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் கூடுதலாகப் போய் வந்தோம். இரண்டாம் தரம் ஏற்றிப் போனதும் ஒரு பிரசவம்தான். அதே ஏற்றம், அதே மூன்றாவது வளைவு. இரண்டாம் கியரில் ஒரே இழுவையில் ஏறியது. சாரதி அண்ணன் அந்த இடத்தைத் தாண்டும்போது மானியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

இதிலே நலன்புரிக் குழுக்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது மூன்றுதான். பொதுப் பணத்தில் வண்டிக்கு வேலை செய்தால், என்ன வேலை, என்ன சாமான் என்று எழுத்தில் வாங்குங்கள். பெரிய துரையின் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்த வண்டியைப் பிரட்டுக்களத்தில் முறுக்கிப் பார்த்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆள் ஏற்றி, கைவசமுள்ள பெரிய ஏற்றத்தில் ஓட்டி, மானியைப் பார்த்து, திரும்பி வந்து எல்லாக் கிளிப்பையும் இறுக்கிய பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். ஜீப் பெட்டியில் ஒரு ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு திருப்புளி, ஒரு நல்ல டோர்ச் எப்போதும் இருக்கட்டும்.

நல்ல வண்டி இருந்தால் தோட்டத்துக்கு அம்புலன்ஸ் தேவையில்லை என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும், ரோட்டையும் கேட்க வேண்டும். அது வரும் வரைக்கும் கையில் இருப்பதைக் கைவிடாமல் வைத்திருப்போம் என்பதுதான் எங்கள் பேச்சு.

போன மாதம் மேல் டிவிஷனுக்குப் போனபோது அந்தப் பாட்டியம்மா வாசலில் பேத்திக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். ஜீப் வந்து நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. நாங்கள் இறங்கிக் கூப்பிட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப வந்தீங்க ஐயா, சத்தமே கேக்கலையே?" என்றார்.

வண்டி வந்துவிட்டது பாட்டியம்மா, சத்தம்தான் வரவில்லை என்று சொன்னோம்.

 கேள்வி இருந்தால் தம்பிமார் கேளுங்கள். பதில் சொல்லப் பட்டறை அண்ணன்மார் இங்கேதான் இருக்கிறார்கள்.